கண் அறுவையும் காணாமல் போன பத்து நிமிடமும்

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்குச் செய்தோம், ஐந்து மாதம் கழித்து இடது கண்ணுக்கு. இரண்டும் வேறு வேறு ஆஸ்பத்திரி. முதல் தடவை கையில் ஊசி போட்டு அரை மயக்கத்தில் வைத்துச் செய்தார்கள். கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "எப்போடா ஆரம்பிப்பாங்க?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. நாற்காலியைத் தள்ளிவந்த நர்ஸ் சிரித்தார். "உள்ள நல்லா பேசிக்கிட்டேதான் சார் இருந்தாங்க. நடுவுல ஒருதரம் 'வலிக்குது, விடுங்கம்மா'ன்னு கத்தினாங்க. அப்புறம் அடங்கிட்டாங்க." பெரியம்மா அந்தப் பெண்ணை முறைத்தார். தான் அப்படிக் கத்தவே இல்லை என்பது இன்றுவரை அவர் கட்சி. கொஞ்ச நேரத்தில் ஒரு படிவம் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை? முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் மார்க்கை எண்ணி எண்ணிப் போட்டவர், யோசிக்காமல் ஐந்துக்கு ஐந்து போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

இடது கண்ணுக்குப் போன இடத்தில் கையில் ஊசி போடும் வழக்கம் இல்லை. கண்ணில் சொட்டு மருந்து, கண்ணைச் சுற்றி மரப்பு ஊசி, அவ்வளவுதான். இந்தத் தடவை அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. மூஞ்சியை மூடிய துணி, காதோரம் வழிந்த தண்ணீர், டாக்டர் யாரிடமோ அடுத்த கேஸ் ரெடியா என்று கேட்டது, ஒரு வினாடி சுருக்கென்று இழுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "மொத டாக்டர்தான் கைராசிக்காரர். இவர் வலிக்க வச்சிட்டார்" என்றார்.

ஒரே ஆள், ஒரே நோய், இரண்டு தீர்ப்பு. வலித்ததென்று முதல் தடவையும் கத்தினார். ஆனால் அது அவர் கணக்கில் ஏறவில்லை. கண் அறுவையில் மயக்க மருந்து கொடுப்பது நோயாளிக்குத் திருப்தி தருகிறதா என்று ஆராய்ந்த கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்துக்கு ஐந்துதான் நினைவுக்கு வரும். அந்த மார்க்கை யார் போட்டது? மேசையில் கிடந்த பெரியம்மாவா, வெளியே வந்த பெரியம்மாவா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1884-க்கு முன்னால் கண்ணில் கத்தி வைப்பதென்றால் பெரும்பாலும் ஆளைப் பிடித்துக் கட்டிவைத்துத்தான். அந்த ஆண்டு வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கோகெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கருவிழி மரத்துப்போகிறது என்று கண்டார். செப்டம்பர் 15-ஆம் தேதி ஹைடல்பெர்க் நகரில் நடந்த கண் மருத்துவர் மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டது. அங்கே போக கோலரிடம் பணம் இல்லாததால் இன்னொரு மருத்துவர் அவர் சார்பில் படித்தார். மாதக்கணக்கில் கோகெயினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட், காதலியைப் பார்க்க ஊருக்குப் போன நேரத்தில் இந்தப் பெருமை நண்பர் கோலரின் கைக்குப் போய்விட்டது. அது தனிக் கதை.

கோலருக்குப் பிறகு நூறு வருடம் பாதை ஊசி வழியே போனது. கண்ணுக்குப் பின்னால் நீளமான ஊசியைச் செலுத்தி நரம்பையே மரக்கவைக்கும் முறை வந்தது. அந்த ஊசிக்கு நோயாளிகள் நடுங்கினார்கள். டாக்டர்களுக்கும் உள்ளூரப் பயம்தான், விழிக்கோளத்தைக் குத்திவிடக்கூடும், ரத்தம் கட்டலாம். 1980-களில் விழிக்குப் பின்னால் ஆழமாகப் போகாமல் அதைச் சுற்றிப் போடும் ஊசியும், 1990-களின் தொடக்கத்தில் கூர்மையே இல்லாத குழலால் விழியின் மேலுறைக்கு அடியில் மருந்தைச் செலுத்தும் முறையும் பரவின. ஏறத்தாழ அதே காலத்தில் வெறும் சொட்டு மருந்தோடு அறுவை செய்பவர்களும் வந்தார்கள். அறுவையும் சுருங்கிவிட்டது. சார்லஸ் கெல்மன் 1967-இல் தொடங்கிவைத்த ஒலியதிர்வு முறை முதிர்ந்த பிறகு, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத கீறல் வழியாகப் புரையைக் கரைத்து உறிஞ்சிவிட்டு மடித்த லென்ஸை உள்ளே வைத்துவிடுகிறார்கள். தேர்ந்த கைக்குப் பத்து நிமிட வேலை.

நியாயமாகப் பார்த்தால் நீள ஊசி போனதோடு கையில் போடும் ஊசியும் போயிருக்க வேண்டும். அது வந்ததே பெருமளவு அந்தக் குத்தலைத் தாங்கவைக்கத்தானே. ஆனால் பல நாடுகளில் அது போகவில்லை. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களின் கண்புரை அறுவைகளில் சுமார் 90 சதவீதத்தில் மயக்க மருந்துக் குழு ஒன்று உடனிருந்தது என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் நாள் முழுக்க வரிசையாகக் கண்புரை அறுவை நடக்கும் பெரிய கண் மருத்துவமனைகளில் பெரும்பாலும் சொட்டு மருந்தோ மரப்பு ஊசியோ மட்டும்தான். இரண்டு இடத்திலும் கண் ஒன்றுதான், புரை ஒன்றுதான். அப்படியானால் கையில் போடும் அந்த மருந்து எதற்காக?

அந்த மருந்து பெரும்பாலும் மிடசோலம். ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் நடுவில் உருவாகி, 1980-களில் உலகம் முழுக்கப் பரவியது. டயசெபாம் என்ற பழைய தணிப்பு மருந்தின் தம்பி என்று சொல்லலாம். அண்ணன் உடம்பில் நாள் கணக்கில் தங்குவார். தம்பி சில மணி நேரத்தில் கிளம்பிவிடுவார். தண்ணீரில் கரைவதால் ரத்தக் குழாயில் எரிச்சலும் குறைவு. முதியவர்களுக்கு ஒரு மில்லிகிராம் அளவே பலநேரம் போதும். இதைத் தெரிந்துகொள்ளும் முன் சில உயிர்கள் போயின. அமெரிக்காவில் அறிமுகமான முதல் சில ஆண்டுகளில், டயசெபாமுக்குப் பழகிய கைகள் அளவு மீறிப் போட்டதில் மூச்சு நின்று பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அளவைக் குறைத்து, மருந்துப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டார்கள்.

இந்த மருந்து மூன்று வேலை செய்கிறது. பதற்றத்தைத் தணிக்கிறது, தூக்கத்தைக் கொண்டுவருகிறது, நினைவு பதிவதைத் தடுக்கிறது. வலியைக் குறைப்பது இந்தப் பட்டியலில் இல்லை. மிடசோலம் வலி மருந்தே அல்ல. மரப்பு சரியாக ஏறாத கண்ணில் கத்தி பட்டால் அந்த வினாடியில் வலிக்கத்தான் செய்யும். ஆள் முனகுவார், கையைத் தூக்குவார். வெளியே வந்தபின் கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

மறதி எப்படி வருகிறது என்பதிலும் நுணுக்கம் உண்டு. ஊசிக்கு முன் நடந்தது அழிவதில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது: மருந்து ஏறிய பிறகு காட்டியவை மறந்துபோயின, அதற்கு முன் காட்டியவை அப்படியே இருந்தன. பெரியம்மாவுக்கும் தியேட்டர் வாசலில் செருப்பைக் கழற்றியதுவரை நினைவிருக்கிறது. நியூயார்க்கில் ராபர்ட் வெசலிஸ் குழுவினர் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். மருந்தில் இருக்கும் ஆளிடம் ஒரு சொல்லைச் சொல்லிச் சில வினாடிகளில் திருப்பிக் கேட்டால் சொல்லிவிடுகிறார். நேரம் கொஞ்சம் போனால் அது இல்லை. ஈரச் சிமெண்டில் எழுதிய எழுத்தைப் போலப் பதிகிறது, காய்வதற்குள் கலைந்துவிடுகிறது. அதனால்தான் உள்ளே 'நல்லா பேசிக்கிட்டே' இருந்தவர் வெளியே வந்து எப்போது ஆரம்பிப்பார்கள் என்று கேட்கிறார். பேசிய நேரத்தில் அவர் முழுசாக அங்கே இருந்தார். பேச்சை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் முடியவில்லை.

சொல்லத் தெரியாவிட்டாலும் உடம்புக்கு ஏதாவது தெரியுமா? ஜெனீவாவில் நூறு வருடத்துக்கு முன் கிளாபரேட் என்ற உளவியலாளர், புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். அடுத்த சந்திப்பில் அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. ஆனாலும் கையை நீட்ட மறுத்துவிட்டார். ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அது மூளைக் கோளாறால் வந்த மறதி, ஊசி மருந்தால் வந்ததல்ல. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆனாலும் நினைவில்லை என்றால் நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லுமுன் அந்தக் கையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

இனி திருப்தியை அளக்கும் கதை. 'திருப்தியாக இருந்தீர்களா' என்ற ஒற்றைக் கேள்வி உதவாது என்பது மயக்க மருந்துத் துறைக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. 1997-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஃப்ராங்ளின் டெக்ஸ்டரும் கூட்டாளிகளும், முழு மயக்கம் இல்லாமல் அறுவை செய்துகொண்டவர்களுக்கென்றே ஒரு வினாப்பட்டியல் செய்தார்கள். 11 கூற்றுகள். குமட்டியதா, அரித்ததா, குளிரோ சூடோ தொந்தரவு செய்ததா, பத்திரமாக உணர்ந்தீர்களா, வலித்ததா, இதே மயக்கத்தை மறுபடி ஏற்பீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை மதிப்பெண். பிற்பாடு கனடாவில் கண்புரை நோயாளிகளிடமும் இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் எப்போது கொடுப்பது? தியேட்டரை விட்டு வந்த உடனே கொடுத்தால் மருந்து இன்னும் இறங்கியிருக்காது, உலகமே நல்ல உலகமாகத் தெரியும். மறுநாள் கொடுத்தால் கட்டுப் பிரித்திருப்பார்கள். ஐந்து வருடமாக மங்கலாக இருந்த காலண்டர் எழுத்து பளிச்சென்று தெரியும்போது மயக்க மருந்தைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? ஆரத்தி எடுக்காத குறைதான். இதோடு மரியாதை வேறு. வெள்ளைக் கோட்டு போட்டவர் நீட்டிய தாளில் குறை எழுத நம்மூர்ப் பெரியவர்களுக்குக் கை வராது.

விளைவு, எண்கள் எல்லாம் கூரையில் முட்டி நிற்கின்றன. 2006-இல் வந்த சவூதி ஆய்வு ஒன்றில் 44 கண்புரை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மிடசோலம், பாதிப் பேருக்கு டெக்ஸ்மெடிடோமிடின் கொடுத்தார்கள். இரண்டாவது மருந்தின் குணம் வேறு. ஆளை ஆழமற்ற இயல்பான தூக்கம் போன்ற ஒன்றில் வைக்கும், கூப்பிட்டால் எழுந்துவிடுவார். 7-க்கு இரு குழுவின் நடுமதிப்பும் 6-தான். நுணுக்கிப் பார்த்தால் டெக்ஸ்மெடிடோமிடின் ஒரு முடியளவு மேல். ஆனால் ரத்த அழுத்தம் அதில் கூடுதலாக இறங்கியது, வீட்டுக்கு அனுப்பத் தயாராக 45 நிமிடம் ஆனது. மிடசோலம் குழுவுக்கு 21 நிமிடம். 2019-இல் பாஸ்டனில் 85 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்கு வாய்வழி மாத்திரையும் மறுபாதிக்குக் கையில் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 6-க்கு இரண்டு குழுவும் 5-ஐத் தாண்டி நின்றன. மாத்திரை ஊசிக்குச் சளைத்ததல்ல என்று முடிவுரை சொன்னது. ஊசியும் மயக்க மருந்து நிபுணரும் இல்லாமல் சமாளிக்கலாம் என்ற வகையில் பயனுள்ள முடிவுதான். மிடசோலம், கீட்டமின், குமட்டல் தடுப்பு மருந்து மூன்றையும் ஒரே வில்லையாக்கி நாக்கடியில் கரையவிடும் முறைகூட இப்போது அமெரிக்காவில் புழங்குகிறது.

எல்லோரும் முதல் வகுப்பில் பாஸ் ஆகும் பரீட்சையில் பரீட்சைத் தாளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நினைவு எப்படித் தீர்ப்பு எழுதுகிறது என்பதை வேறொரு உறுப்பில் செய்த சோதனை அழகாகக் காட்டியது. டொரான்டோவின் டொனால்ட் ரெடல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்க்கும் 682 பேரை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குச் சோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியை அசைக்காமல் மூன்று நிமிடம் வரை உள்ளேயே வைத்திருந்தார்கள். தொந்தரவு மொத்தத்தில் நீண்டதே தவிரக் குறையவில்லை. ஆனால் கடைசி நிமிடங்கள் மென்மையாக இருந்ததால், இவர்கள்தான் மொத்த அனுபவத்தையும் வலி குறைவு என்று நினைவுகூர்ந்தார்கள். உச்சத்தில் எப்படி இருந்தது, முடிவில் எப்படி இருந்தது, இந்த இரண்டையும் வைத்தே மனம் மார்க் போடுகிறது. கண் அறுவையில் முடிவு எது? முகத்தில் ஒட்டிய துணியைப் புருவத்து முடியோடு சேர்த்து வெடுக்கென்று உரிப்பது. பெரியம்மா சொன்ன புகார்களில் அதுவும் ஒன்று. ஊசி மயக்கம் இந்த உச்சத்தையும் முடிவையும் ஒருசேரத் துடைத்துவிடுகிறது. மார்க் போட ஒன்றும் மிஞ்சாதபோது முழு மார்க் விழுகிறது.

இந்த இடத்தில் இரண்டாவது கண் என்ற புதிர் வருகிறது. ஒரு கண் முடிந்து மறு கண்ணுக்கு வருபவர்கள், போன தடவையைவிட இந்தத் தடவை வலித்தது என்று சொல்வதை உலகம் முழுக்கக் கண் டாக்டர்கள் கேட்டிருக்கிறார்கள். அரிசோனாவில் 2011-இல் இதை அளந்து பார்த்தபோது அது வெறும் பேச்சல்ல என்று தெரிந்தது. இரண்டாம் தடவை பயம் குறைவாக இருந்தது, சொன்ன வலி அதிகமாக இருந்தது. சீனாவிலும் இதேபோலக் கண்டிருக்கிறார்கள். காரணம் பலவாறு சொல்கிறார்கள். முதல் தடவை பயத்தில் உடம்பு விறைத்திருக்கும், இரண்டாம் தடவை பயம் விலகிய இடத்தில் வலி தெரிகிறது என்பது ஒன்று. முதல் அறுவையே மறு கண்ணைக் கூர்மையாக்கிவிடுகிறது என்பது இன்னொன்று. மூன்றாவது காரணம் நமக்கு முக்கியம். முதல் தடவை ஊசி மருந்து நினைவைத் துடைத்திருந்தால், ஒப்பிட வைத்திருக்கும் அளவுகோல் வெற்றுத் தாள். வெற்றுத் தாளோடு ஒப்பிட்டால் எந்த வலியும் பெரிய வலிதான். பெரியம்மாவின் 'கைராசி' தீர்ப்பில் இந்தக் கணக்கு நிறையவே கலந்திருக்கிறது. இரண்டாவது டாக்டர் பாவம்.

வலி நினைவில் இல்லை என்றால் நல்லதுதானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. பயந்து நடுங்கும் ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடம் கனவாக மறையாமல் இருந்தால், மறு கண்ணுக்கு வரவே மாட்டார். நோயாளியே மறதியை விரும்பிக் கேட்டால் அதை மறுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் விலை என்ன என்று தெரிய வேண்டும்.

விலையைக் கணக்கிட்ட பெரிய ஆய்வு 2001-இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மையங்களில் நடந்த 19,250 கண்புரை அறுவைகளை அலசினார்கள். நரம்பில் எதுவும் ஏற்றாமல் சொட்டு மருந்தோடு செய்தவர்களில் அறுவையின்போது உடல்நிலைச் சிக்கல் வந்தது 0.13 சதவீதம். அதே சொட்டு மருந்தோடு ஊசியில் தணிப்பு மருந்து சேர்த்தபோது 1.20 சதவீதம். மரப்பு ஊசியோடு, ஆளைச் சட்டென்று தூங்கவைக்கும் மருந்து, தணிப்பு மருந்து, அபின் வகை மருந்து எல்லாம் சேர்ந்தபோது 4.04 சதவீதம். சிக்கல் என்றால் பெரும்பாலும் ரத்த அழுத்தம் எகிறுவது, இதயத் துடிப்பு தடுமாறுவது. இறப்பிலும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதிலும் வித்தியாசம் இல்லை. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. பதற்றக்காரர்களுக்கும் உடல்நிலை மோசமானவர்களுக்கும் மருந்து கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள், அதன் நிழலும் இந்த எண்களில் இருக்கும். அப்படியிருந்தும் மருந்து ஏற ஏறச் சிக்கலும் படிப்படியாக ஏறுவதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

கண் டாக்டர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. அரைகுறைத் தூக்கத்தில் ஆள் குறட்டை விடுவார், குறட்டைக்குத் தலை ஆடும். நுண்ணோக்கிக்கு அடியில் அது பூகம்பம். இன்னும் மோசம், தூங்கியவர் திடீரென்று விழித்து, முகத்தில் துணி மூடிக் கிடப்பதைக் கண்டு எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் எழுந்து உட்காரப் பார்ப்பது. விழித்திருப்பவரிடம் 'ஆடாதீங்க' என்றால் அடங்குவார், பாதி மயக்கத்தில் இருப்பவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அமெரிக்காவில் முடிந்துபோன மயக்க மருந்து வழக்குகளை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டதில், 2,046 வழக்குகளில் 71 கண் சேதம் பற்றியவை. அவற்றில் 21 வழக்கில் அறுவை நடுவே நோயாளி அசைந்திருந்தார். 21 பேருக்கும் அந்தக் கண்ணில் பார்வை போயிற்று. பெரும்பகுதி முழு மயக்கத்தில் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். எந்த மயக்கமானாலும் பாடம் ஒன்றுதான்: அசையாத கண்ணுக்கு ஈடு இல்லை. பிரிட்டனின் கண் மருத்துவக் கல்லூரியும் மயக்க மருந்துக் கல்லூரியும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட வழிகாட்டி, தணிப்பு மருந்தைப் பதற்றத்துக்காக மட்டும் கொடுங்கள், சரியாகப் பிடிக்காத மரப்பை மூடிமறைக்கக் கொடுக்காதீர்கள் என்கிறது. அந்தக் கடைசிப் பாதிதான் விஷயம். மறதி ஒரு நல்ல திரைச்சீலை. அதற்குப் பின்னால் சோம்பலான கையும் ஒளிந்துகொள்ளலாம், படிவத்தில் ஐந்துக்கு ஐந்து விழுந்துகொண்டே இருக்கும்.

பணமும் இதில் உண்டு. வழக்கமான கண்புரை அறுவைக்கு மயக்க மருந்து நிபுணர் தேவையில்லை என்று 2018-இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஆன்தெம் ஒரு கொள்கை வெளியிட்டபோது டாக்டர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் நோயாளியின் நலனைவிடத் தன் பணத்தைத்தான் பார்த்தது என்பதில் சந்தேகமில்லை. எதிர்த்தவர்கள் எல்லோரும் நலனை மட்டும் பார்த்தார்களா என்றும் கேட்கலாம்.

மறதியின் இன்னொரு விலையை யாரும் மார்க் போட்டு அளப்பதில்லை. அறுவை முடிந்ததும்தான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்கிறார்கள். எந்தச் சொட்டு எத்தனை வேளை, தலைக்குக் குளிக்காதே, கண்ணைக் கசக்காதே, குனிந்து பாரம் தூக்காதே, வலி கூடினால் உடனே வா. பெரியவரும் நல்லபிள்ளையாய்த் தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் நடந்தது மருந்து ஆளும் நேரத்தில். பெரியம்மா முதல் கண்ணுக்கு இரண்டு நாள் தவறான சொட்டைத் தவறான வேளைக்கு விட்டார். 'எனக்கு யாருமே சொல்லல' என்று சாதித்தார். சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பொய் சொல்லவில்லை, நர்ஸும் தன் வேலையைத் தவறவிடவில்லை. கூட வந்தவர் கையில் எழுதிக் கொடுக்காததுதான் தவறு. கையெழுத்து வாங்கும் தாள்களுக்கும் இதே விதி. ஊசிக்குப் பிறகு வாங்கிய சம்மதம் பாதிச் சம்மதம்தான்.

மருந்தில்லாமல் என்ன செய்யலாம் என்று பார்த்தால், எனக்குப் பிடித்த ஆய்வுகள் இங்கேதான் இருக்கின்றன. விழித்திருக்கும் கண்ணுக்கு அறுவையின்போது என்ன தெரிகிறது என்று சிங்கப்பூரின் அவ் இயோங் காஹ் குவான் பல ஆண்டுகள் கேட்டுத் தொகுத்தார். நமக்கெல்லாம் கத்தி தெரியுமோ என்று பயம். பெரும்பாலோர் பார்ப்பது வெளிச்சம், நிறங்கள், அலையலையான அசைவு. சிலருக்குக் கருவி நிழலாகத் தெரியும், டாக்டரின் விரல் தெரியும். சிலருக்குச் சற்று நேரம் எல்லாம் இருட்டும். பலர் இதை ரசித்திருக்கிறார்கள். பயந்தவர்கள் வெவ்வேறு ஆய்வுகளில் 3 முதல் 16 சதவீதம். பயந்தவர்களில் பலருக்குக் காரணம் எளிது: இப்படித் தெரியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் சொல்லிப் பார்த்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர்களும் அவ் இயோங்கும் சேர்ந்து தமிழ்நாட்டு நோயாளிகளிடமும் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். என்ன தெரியும் என்று முன்பே சொல்லிவைத்தவர்களிடம் பயம் குறைந்திருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனையில், நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சுக்கும் ஒரு மருந்தின் வேலை உண்டு என்று அந்த ஆய்வை நான் வாசித்துக்கொள்கிறேன்.

தென்கொரியாவில் 2001-இல் அதைவிட எளிய ஒன்றைச் செய்தார்கள். அறுவை முழுக்க ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. பதற்றம் குறைந்தது, ரத்தத்தில் அட்ரினலினும் குறைந்தது. பாரிஸின் கோஷான் மருத்துவமனையில் அறுவைக்கு முன் இருபது நிமிடம் காதில் இசை கேட்கவைத்தார்கள். ரத்த அழுத்தம் எகிறியது இசை கேட்டவர்களில் 13.6 சதவீதம் பேருக்கு, கேட்காதவர்களில் 52.9 சதவீதம் பேருக்கு. மிடசோலம் தேவைப்பட்டதும் குறைந்தது.

இதையெல்லாம் வைத்து ஊசியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூடிய இடத்தில் மூச்சு முட்டுபவர்கள் உண்டு, சொன்னதைப் புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருப்பவர்கள் உண்டு, நடுக்கம் நிற்காதவர்கள் உண்டு, புரையை விடச் சிக்கலான, மணிக்கணக்கில் நீளும் அறுவைகளும் உண்டு. அவர்களுக்கு அது வரம். எல்லோருக்கும் வழக்கமாகப் போடுவதற்குத் திருப்திப் படிவத்தைச் சாட்சியாகக் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சாட்சி சம்பவ இடத்தில் இருந்தார், ஆனால் கண்டதைச் சொல்ல வழியில்லாதபடி செய்யப்பட்டவர். அவர் சொல்லும் 'ஒண்ணுமே தெரியல' என்பதை, ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதிக்கொள்வது சரியல்ல. மருந்துக்கு மருந்து ஒப்பிடும் ஆய்வுகளில் உள்ளே நடந்ததை, முனகியதை, கை தூக்கியதை, அப்போதே கேட்டு வாங்கிய பதிலை எல்லாம் ஒரு பத்தியிலும், மறுநாள் சொன்னதை இன்னொரு பத்தியிலும் எழுதினால் போதும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த மருந்தின் உண்மையான அளவு.

போன மாதம் பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அறுவைக்குத் தேதி குறித்தார்கள். ஊசி மயக்கம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பெரியம்மாவிடம் யோசனை கேட்க வந்தார். கைராசி டாக்டரைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும் என்று நினைத்தேன். அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்லப் பெரியம்மாவிடம் ஒரு வரிக்கு மேல் இல்லை. இரண்டாவது கண்ணுக்குத் தாவிவிட்டார்.

"மூஞ்சில துணியப் போடுவாங்க, மூச்சு விட எடம் இருக்கும். காதுல தண்ணி எறங்கும், கையத் தூக்கிடாத. ஒரு மெஷின் கிர்ருன்னு கத்தும், அது அப்படித்தான். அப்புறம் பாரு, ஒரு நீலம் வரும். மயில் கழுத்துல இருக்குமே, அந்த நீலம். நடுவுல ஆரஞ்சு கலரு உருகி ஓடும். நான் அந்த மாதிரி கலரப் பாத்ததே இல்ல. கடைசில துணிய உரிப்பாங்க, அப்பத்தான் சுரீர்னும். பல்லக் கடிச்சுக்கோ."

அக்கா விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார். "மறுபடி சொல்லுங்க, மொதல்ல துணியா, தண்ணியா?"